விரலுக்குத் தக்க பலகை

எழுதுகிறவனிடம் போய், 'எந்தப் பேனாவால் எழுதுகிறீர்கள்?' என்று கேட்பது, விருந்து சாப்பிட்டுவிட்டு, 'வாணலியை எந்தக் கடையில் வாங்கினீர்கள்?' என்று கேட்பது போலத்தான் என்பது வெகு நாளாக என் கட்சி. பேனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேனாவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், எழுத மாட்டார்கள். இந்த அபிப்பிராயத்தைக் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு என் வலது கைச் சுண்டுவிரல் அந்தக் கட்சியிலிருந்து விலகிக்கொண்டது.

நாவலில் பாதி தாண்டியிருந்தேன். மணிக்கட்டின் வெளிப்புறத்தில் சுருக்கென்று ஆரம்பித்த வலி, ஒரு மாதத்தில் முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது. டாக்டர், "கொஞ்ச காலம் எழுதுவதை நிறுத்துங்கள்" என்றார். என் விமரிசகர்கள் சிலர் பல வருஷங்களாகச் சொல்லிவரும் யோசனைதான். ஆனாலும் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் என் அக்காவின் மகன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தான். கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை. என் கையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தன் பையைத் திறந்து ஒரு பொருளை எடுத்து மேஜை மேல் வைத்தான். வழியில் எங்கோ விழுந்து இரண்டாக உடைந்துபோன விசைப்பலகை என்று நினைத்து, "அடடா!" என்று அனுதாபப்பட்டேன்.

"உடையலை மாமா. இது இப்படித்தான்" என்றான்.

இரண்டு துண்டுகள், நடுவே ஒரு கம்பி. தோள் அகலத்துக்குத் தக்கபடி இரண்டையும் விலக்கி வைத்துக்கொள்ளலாம். உட்பக்கம் சற்றே உயர்ந்து, கூடாரத்தின் இரு கூரைகளைப் போல் சரிந்திருந்தன. விசைகள் படுக்கை வரிசையாக இல்லாமல், விரலுக்கு ஒரு நெடுவரிசையாக நின்றன. நடுவிரலின் வரிசை கொஞ்சம் மேலே ஏறியும், சுண்டுவிரலின் வரிசை கீழே இறங்கியும் இருந்தன. கட்டைவிரலுக்கென்று பக்கத்துக்கு மூன்று விசைகள். எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 42. கடையில் வாங்குகிற சாதாரணப் பலகையில் 100-க்கு மேல் இருக்கும். மற்றவை எங்கே என்று கேட்டேன். கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்துக்களெல்லாம் எண்களாக மாறிவிடுமாம். இன்னொன்றைப் பிடித்தால் குறிகளாக மாறுமாம். நாடக மேடையில் படுதாவை மாற்றி, அதே இடத்தை அரண்மனை என்றும் காடு என்றும் சொல்வதில்லையா? அந்த மாதிரி. எந்த விசை என்ன எழுத்து என்பதும் உடையவர் இஷ்டம். பலகைக்குள் இருக்கும் சிறு நிரலை மாற்றி எழுதினால் போதும்.

இப்படிப்பட்ட பலகைகளுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் உண்டென்று அப்புறம் அறிந்தேன். 2010-களின் தொடக்கத்தில் 'எர்கோடாக்ஸ்' என்ற இரட்டைப் பலகையின் வரைபடங்களை யாரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார்கள். பிறகு ஜப்பானிலிருந்து 'கார்னி' வந்தது. என் மருமான் கொண்டுவந்தது அந்த இனம். விசைகளைத் தனித்தனியே வாங்கி, ஈயம் உருக்கித் தாங்களே பற்றவைக்கிறார்கள். விசைகளில் வழுக்கிக்கொண்டு இறங்குவது ஒரு ஜாதி. பாதி வழியில் சிறு மேடு தட்டுப்படுவது ஒரு ஜாதி. 'க்ளிக்' என்று சத்தம் போடுவது ஒரு ஜாதி. ஒவ்வொரு விசையையும் பிரித்து, சின்னத் தூரிகையால் பசை தடவி மூடுகிறார்கள். மேல் மூடிகளுக்குச் சேர்ந்து பணம் கட்டிவிட்டு, ஒரு வருஷம்கூடக் காத்திருக்கிறார்கள். கூட்டம் போட்டு, நீள மேஜைகளில் பலகைகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை ரசிக்கிறார்கள். கடையில் ஆயத்தமாக வாங்கினால் 300 டாலருக்கு மேல் விலை சொல்லும் பலகைகளும் உண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "இதில் என்ன எழுதுவாய்?" என்று கேட்டேன். வேலை நேரம் போக, வேகப் பரீட்சைக்கென்று வரும் வார்த்தைகளைத் தட்டுவானாம். அர்த்தத் தொடர்பில்லாத வார்த்தைகள். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று கணக்கு. "அர்த்தமில்லாமல் தட்டுவதில் என்னடா சுகம்?" என்றேன். "ஆலாபனைக்குச் சாகித்தியம் உண்டா மாமா?" என்று திருப்பிக் கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. கேலி செய்வதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றிற்று.

தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, என் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1868-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டபர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் தட்டெழுத்து இயந்திரத்துக்கு உரிமை வாங்கினார்கள். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1874-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நெம்புகோல். மேல் வரிசையின் நெம்புகோல் கீழ் வரிசை விசைகளின் இடைவெளியில் புகுந்து போக வேண்டும். அதற்காக வரிசைகளைச் சற்றே நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். அதனால்தான் விசைகள் சாய்வாக நிற்கின்றன. நம் கையில் எந்த விரலும் அப்படிச் சாய்ந்து வளரவில்லை. நெம்புகோல் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. சாய்வு மாத்திரம் போகவில்லை. ஐயர் போன பிறகும் அவர் கட்டிய பூனை தூணில் இருக்கிற கதைதான்.

இன்னொன்று. மனிதனுக்குத் தோள் அகலம், பலகை குறுகல். கைகள் உள்ளே ஒடுங்கி வந்து, பலகைக்கு மேல் நேராக நிற்க வேண்டுமானால், மணிக்கட்டில் மறுபடி வெளிப்பக்கமாக மடங்கியாக வேண்டும். என் வலி ஆரம்பித்த இடம் அதுதான். 1926-லேயே ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் பலகையை இரண்டாகப் பிளந்து சரித்து வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 1970-களில் இங்கிலாந்தில், தட்டெழுத்துப் பயிற்சி கொடுத்துவந்த லில்லியன் மால்ட் என்ற அம்மாளும், ஸ்டீபன் ஹாப்டே என்ற பொறியாளரும் சேர்ந்து 'மால்ட்ரான்' பலகையைச் செய்தார்கள். விசைகள் இரண்டு குழிவான கிண்ணங்களில் இருந்தன. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 'ஈ' என்ற எழுத்தை இடது கட்டைவிரலுக்குக் கொடுத்தார்கள். கட்டைவிரல் பலமான விரல்; அதற்கு இடைவெளி விடுகிற வேலை மட்டும் கொடுத்து உட்கார வைத்திருப்பது, வீட்டில் திடகாத்திரமான பிள்ளையை வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நோஞ்சானைத் தண்ணீர் சுமக்க அனுப்புவது போலத்தான். ஒற்றைக் கை உள்ளவர்களுக்கென்றே வலது கைப் பலகை, இடது கைப் பலகை என்றும் அவர்கள் செய்தார்கள். இதைப் படித்த பிறகு எனக்குச் சிரிப்பு அறவே நின்றுவிட்டது.

ஆகவே, ரசிகர்கள் கேட்ட முதல் கேள்வி நியாயமான கேள்வி. கை இயந்திரத்துக்காக வளைய வேண்டுமா, இயந்திரம் கைக்காக வளைய வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர்களுக்கு என் வந்தனம். அவர்கள் மீது எனக்குள்ள குறை, அந்தக் கேள்வியோடு அவர்கள் நிற்கவில்லை என்பது.

முதலில் வேகத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆகஸ்ட் டுவோராக் என்ற பேராசிரியர் 1936-ல் எழுத்துக்களை வேறு விதமாக அடுக்கி உரிமை பெற்றார். உயிரெழுத்துக்கள் இடது கைக்குக் கீழே. அடிக்கடி வரும் மெய்கள் வலது கைக்குக் கீழே. கைகள் மாறி மாறி வேலை செய்யும். 1944-ல் அமெரிக்கக் கடற்படையில் நடந்த சோதனை இதை வானளாவப் புகழ்ந்தது. 1956-ல் அரசாங்கத்துக்காக ஸ்ட்ராங் என்பவர் நடத்திய சோதனை பிரமாதமான லாபம் ஒன்றும் இல்லை என்றது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை கிடையாது. நாவலாசிரியன் ஒருவன் நிமிஷத்துக்கு நூறு வார்த்தை எழுதுவானானால் அவனைக் கண்டு வாசகர்கள் பயப்பட வேண்டும். ஒரு வாக்கியத்துக்காக அரை மணி காத்திருந்து, அது வந்ததும் மூன்று விநாடியில் தட்டினால் என்ன, ஐந்து விநாடியில் தட்டினால் என்ன? வலியில்லாமல் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, காது. கைக்காகத் தொடங்கிய காரியம் காதுக்குப் போய், காதிலிருந்து கண்ணுக்குப் போய்விட்டது. மூடியின் நிறம், பெட்டியின் உலோகம், பசையின் பெயர் என்று பேச்சு வளர்கிறது. நல்ல தம்பூராவைத் தேடுகிற வித்வானை நான் மதிக்கிறேன். பத்துத் தம்பூராக்களை வாங்கி, குடத்தின் பளபளப்பை ஒப்பிட்டுக்கொண்டு, கச்சேரிக்கு மட்டும் வராமல் இருக்கிற ஆசாமியை என்னவென்று சொல்வது? ரசிகர் என்ற பட்டத்தை அவருக்கு மறுக்க மாட்டேன். ஆனால் அவர் ரசிப்பது சங்கீதம் அல்ல, மரவேலை. அதுவும் உயர்ந்த ரசனையே. பெயரை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது.

டோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வாடா என்பவரின் யோசனையில் 1996-ல் ஒரு சின்னப் பலகை வந்தது, 60 விசைகள்தான். அமெரிக்கக் குதிரைக்காரன் குதிரை செத்துப்போனால் அதை விட்டுவிட்டு, சேணத்தை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பானாம். கம்ப்யூட்டர் குதிரை, விசைப்பலகை சேணம் என்பது அந்தப் பேராசிரியரின் கருத்து. அழகான உவமை. ஆனால் சேணத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் அடுத்த குதிரையைத் தேடிக்கொண்டு நடக்கிறான். சேணக் கண்காட்சிக்குப் போகவில்லை.

மூன்றாவது குறையைச் சொல்வதற்கு முன்னால் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் 'தமிழ் 99' அமைப்பில் எழுதுகிறவன். 1999-ல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. டுவோராக் செய்ததைப் போலவே, 12 உயிர்களும் புள்ளியும் இடது கைக்கு. வகரமும் ஙகரமும் நீங்கலாக மற்ற மெய்களெல்லாம் வலது கைக்கு. 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என்று நாலே தட்டு. நடுவிலுள்ள புள்ளியை அது தானே வைத்துக்கொள்ளும். நம்முடைய பாஷையின் கட்டுமானத்தை உணர்ந்தவர்கள் செய்த காரியம் என்பதில் சந்தேகமில்லை.

இந்த அமைப்புக்கு 31 விசைகள் வேண்டும். இந்த ரசிகர்களின் மிகச் சிறிய பலகைகளிலோ கைக்குப் பதினைந்து, ஆக 30 விசைகள். கட்டைவிரல் விசைகள் தனி. அந்த முப்பதிலும் இரண்டு கால்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் போய்விடும். பாக்கி 28. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று எழுத்துக்கள் வெளியே நிற்கின்றன. எவை தெரியுமா? சகரம், ஞகரம், யகரம். 26 எழுத்துள்ள ஒரு பாஷைக்காக, 'வேண்டாததையெல்லாம் களைந்துவிட்டோம்' என்று சொல்லிச் செய்த பலகையில், 'செய்' என்ற ஒரு சொல்லை என்னால் எழுத முடியவில்லை! வேண்டியது எது, வேண்டாதது எது என்பதை யாருடைய கையை வைத்துத் தீர்மானித்தார்கள் என்று அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனால் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னதும் மருமான் சிரித்தான். அவனுடைய 42 விசைப் பலகையில், வலது கைச் சுண்டுவிரலுக்கு வெளியே மூன்று விசைகள் கூடுதலாக உண்டு. அன்று சாயங்காலமே மேலே ச, நடுவே ய, கீழே ஞ என்று மாற்றிக் கொடுத்துவிட்டான்; அங்கிருந்த அழிப்பு விசை கட்டைவிரலுக்குக் குடிபெயர்ந்தது. காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை. கடைப் பலகை விற்கிற எந்தக் கம்பெனியும் எனக்காக இதைச் செய்யாது. 'மாற்றிக்கொள்ளலாம்' என்ற வார்த்தையின் மதிப்பு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசகர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மூன்றாவது குறை. அதைச் சொன்னது நான் அல்ல, என் அக்கா.

அக்கா ஒரு ஆபீஸில் தட்டெழுத்தராக 1977-ல் சேர்ந்து 2014-ல் ஓய்வு பெற்றவள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி வகுப்புக்குப் போய், லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணினாள். அவளுடைய சம்பளத்தில்தான் நான் காலேஜில் படித்தேன். பிறகு இந்த மருமானும் படித்தான். அவளுடைய விரல் மூட்டுக்கள் இன்றைக்கும் காலையில் மடங்குவதில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் டம்ளரைப் பிடிக்கிறாள்.

மகன் அவள் முன்னால் பலகையை வைத்து, "கையை வைச்சுப் பாரும்மா" என்றான். வைத்தாள். கை தானாக ஏ, எஸ், டி, எஃப் என்று பாடத்தை ஆரம்பித்தது. இரண்டு நிமிஷம் தட்டினாள். பல இடங்களில் தவறிற்று. பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. கை இறுக்கமே இல்லை. ஆனா இது உன் பலகை. நான் பாஸ் பண்ணின மறுநாளே, எந்த ஊர்லே எந்த மெஷின் முன்னாலே உட்கார்த்தினாலும் அடிச்சேன். எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருந்ததாலேதான் எனக்கு வேலை கிடைச்சது."

இருவரும் பேசாமல் இருந்தோம். இந்த அம்சம் எனக்கும் தோன்றவில்லை. வரைபடம் போட்டவர்களுக்கும் தோன்றியிருக்காது. ஷோல்ஸின் கோணல் பலகை கைக்குப் பொருந்தாதது, ஆனால் பொதுவானது. பொதுவாக இருந்ததால்தான் சொத்தோ சிபாரிசோ இல்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரு சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே வந்து சம்பாதித்தார்கள். தனக்கென்றே செய்துகொண்ட பலகை உடையவனை விடுவிக்கிறது; கூடவே, அது இல்லாத இடத்தில் அவனை நொண்டியாக்கவும் செய்கிறது.

"வலி குறைஞ்சிருக்குமேம்மா" என்றான் அவன்.

"குறைஞ்சிருக்கலாம்" என்றாள் அக்கா. "ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டு, 'முடிச்சுட்டுப் போம்மா'ன்னு சொல்லுவாங்களே, அதை இந்தப் பலகை குறைக்குமாடா?"

விமரிசனம் என்றால் இதுதான். 1980-களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலை செய்தவர்கள் பெருவாரியாகக் கைவலி என்று சொன்னபோது, காரணம் பலகையா, வேலையின் அளவா, மேற்பார்வையின் கெடுபிடியா என்று பெரிய விவாதமே நடந்தது. பலகையின் வடிவம் ஒரு காரணம். ஓய்வில்லாமல் மணிக்கணக்காகத் தட்ட வேண்டியிருப்பதும் காரணம். ரசிகர் முதல் காரணத்தைத் தன் வீட்டு மேஜையில் அழகாகத் தீர்த்துக்கொள்கிறார், இரண்டாவதைத் தொடுவதில்லை. தொட வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அலுத்தால் எழுந்து போகலாம். பலகை யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கு அதை வாங்கப் பணமும் கிடையாது, ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொள்ள அதிகாரமும் கிடையாது.

நான் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முதல் பதினைந்து நாள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டினேன்; ஒரு பக்கம் எழுத ஒரு காலை வேளை போயிற்று. ஒன்றரை மாதத்தில் பழைய நடை வந்துவிட்டது. வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டால், குறைந்திருக்கிறது. அதில் பலகையின் பங்கு எவ்வளவு, அக்கா சொல்லி அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கிறேனே அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். நாவல் நன்றாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. பதினெட்டாம் அத்தியாயம் பழைய பலகையில் எவ்வளவு முரண்டு பிடித்ததோ, அவ்வளவு இதிலும் பிடித்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு விசைகளின் அந்தத் 'தொக், தொக்' சத்தம் கேட்கும்போது ஒரு தனிச் சந்தோஷம் உண்டாகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே என் பழைய கட்சியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எழுதுகிறவனிடம் கருவியைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். கூடவே, அவன் கை எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

ரசிகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை கூட்டம் போட்டு மேஜைகளில் பலகைகளைப் பரப்பும்போது, கூலிக்காக நாள் முழுவதும் தட்டுகிற ஒருவரை அழையுங்கள். பில் போடுகிற பெண்ணாக இருக்கலாம். கோர்ட் வாசலில் மனு அடித்துக் கொடுக்கிறவராக இருக்கலாம். உங்கள் பலகைகளிலேயே மிக நல்லதை அவர் முன்னால் வைத்து, அவர் விரலுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்துவிட்டு, சத்தத்தைக் கேட்பதற்குப் பதிலாக அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என் அக்கா வரத் தயார். காபி மட்டும் நன்றாக இருக்க வேண்டும், டம்ளர் ரொம்பச் சூடாக இருக்கக் கூடாது என்கிறாள்.